மலைக்கோயிலும் பாழ்ங்கோட்டையும்

சிவமயம்

திருக்கோயில் வேறு, பாழ்பட்ட கோட்டை வேறு என்பதை எடுத்தோதி நிலைநாட்டவேண்டிய காலம் ஒன்று வருமென்று நம் முன்னோர் கனவிலுங் கருதியிரார். அக்காலம் இப்பொழுது வந்துவிட்டது. விடுமுறை நாளிற் சென்று பார்த்தற்குரிய இடங்கள் என்று இக்காலத்தார் தொகுத்து வெளியிடும் வரிசைகளைச் சற்று நோக்குமின். திருவள்ளூர் மாவட்டத்துக்கென எழுதப்பட்ட வரிசையாயின், அதன்கண் திருத்தணிகை மலையும், பழவேற்காட்டிலுள்ள ஒல்லாந்தர் கோட்டையும், பூண்டி நீர்த்தேக்கமும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். படிகள் எத்தனை, மேலே நின்றால் எவ்வளவு தொலை தெரியும், வண்டி நிறுத்த இடமுண்டா, உண்டிச்சாலை அருகிலுண்டா என்னும் செய்திகள் யாவும் அங்கே கிடைக்கும். அம்மலைமேல் எழுந்தருளியிருக்கும் பெருமான் யாவன், அவனை வழிபடும் முறை யாது என்னும் செய்தி ஒன்றே கிடையாது. பழமையானது, காட்சிக்கு இனியது, படம் பிடித்தற்கு ஏற்றது என்னும் மூன்று பொருத்தமே அவர்க்குப் போதும். இம்மூன்றும் கோட்டைக்கும் உண்டு, கோயிலுக்கும் உண்டு. ஆகவே இரண்டும் ஓரினம் என்பது அவர் துணிபு.

இத்துணிபு சமயவுணர்ச்சி இல்லாதாரோடு நின்றிருப்பின் யாம் வாளாவிருந்திருப்போம். திருநீறணிந்த குடும்பத்தினரும், திருமுறை பயின்ற இளைஞரும், சித்தாந்த வகுப்பிற் பலயாண்டு இருந்து கேட்ட அன்பருங்கூட, 'ஒரு மலைக்கோயிலும் ஒரு கோட்டையும் பார்த்து வந்தோம்' என்று வேறுபாடின்றிக் கூறக் கேட்கின்றோம். 'பார்த்து வந்தோம்' என்னும் அச்சொல்லே நோயின் குறியாகும். முன்னையோர் 'தரிசித்து வந்தோம்', 'கும்பிட்டு வந்தோம்' என்றனர். சொல் மாறினமை கருத்து மாறினமையைக் காட்டும்.

ஈண்டு ஒன்று தெளிவாக்கல் வேண்டும். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் இரும்பாலைகளில் ஆறு நாளும் வெம்மையில் உழன்று, ஏழாம் நாள் குளிர்ந்த காற்று வேண்டி ஒரு மலையை நாடிச் செல்லும் தொழிலாளரை நோக்கி இஃது எழுதப்பட்டதன்று. பிழைப்பு நாடி வடநாட்டினின்று வந்த அவருட் பலர், நம் மொழி அறியாராயினும், முதற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டே ஏறுவர். அவரை இகழ்தல் பெரும் பிழையாம். அறிந்தும் தொழாதாரை நோக்கியே இஃது எழுதப்படுகின்றது.

முதற்கண் கோட்டையின் இயல்பை ஆராய்வாம். ஒல்லாந்தர் பழவேற்காட்டிலே 1610-ஆம் ஆண்டில் வாணிகத்துக்கு இடம் பெற்றனர். 1613-இல் கெல்திரியா என்னும் கோட்டையைக் கட்டினர். சோழமண்டலக் கரையில் அவர்தம் வாணிகத்துக்கெல்லாம் 1690 வரை அதுவே தலைமையிடமாக விளங்கிற்று. அங்கிருந்து கப்பலேறியவை நம்மவர் நெய்த துணிகள். அங்கே செய்யப்பட்டது வெடிமருந்து. அங்கிருந்து பத்தாவியாவுக்கு அடிமைகளாக அனுப்பப்பட்டவர் இந்நாட்டு ஏழை மக்கள். பின்னர்த் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு முற்றிலுஞ் சென்றது. இன்று அக்கோட்டையின் இடத்தில் எஞ்சி நிற்பன அகழியின் சுவடும், புதர் மூடிய மேடுமே.

இதனால் அறியப்படுவது யாது? கோட்டை அச்சத்தினாற் கட்டப்படுவது. பிறரை உள்ளே விடாமை ஒன்றே மதிலின் பயன். கட்டினோர் நீங்கியபின் காத்தற்குரிய பொருள் அங்கே யாதும் இல்லை. காத்தற்குரிய பொருளில்லாத மதில் வெறுங் கல்லும் மண்ணுமேயாம். ஆகலின் பாழாதல் கோட்டைக்கு இயற்கை. அதனைப் பார்த்தல் ஒன்றே அதன்மாட்டுச் செய்யத்தக்கது. அங்கே சென்று செல்வ நிலையாமையை எண்ணித் திரும்புவாரை யாம் தடுப்போமல்லோம். அவர் நற்பயனே பெறுவர்.

இனித் தணிகையை நோக்குவாம். சூரனொடு பொருத சினமும், வள்ளிநாயகியார் பொருட்டு வேடரொடு பொருத சினமுந் தணிந்து முருகப்பெருமான் அமர்ந்தருளிய இடமாதலின் அதற்குத் தணிகை என்று பெயராயிற்றென்பர். கோட்டை சினத்திற் பிறந்தது. தணிகையோ சினம் ஒழிந்த இடம். அருணகிரிநாதர் அத்தலத்துக்குத் திருப்புகழ் பாடினார். சிவஞான முனிவரின் மாணாக்கராகிய கச்சியப்ப முனிவர் தணிகைப்புராணம் இயற்றினார். இராமலிங்க அடிகள் இளமைக்காலத்தில் உருகிப் பாடியது தணிகைப் பெருமானையே. முத்துசுவாமி தீட்சிதர் தம் கீர்த்தனங்களை அங்கேதான் தொடங்கினார். இவருள் ஒருவரேனும் மலையின் உயரத்தை வியந்து சென்றவரல்லர்.

அம்மலைக்கு 365 படிகள் என்றும், ஆண்டின் நாள் ஒன்றுக்குப் படி ஒன்று என்றுங் கூறுவர். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் சனவரித் திங்கள் முதல் நாளிலே உத்தியோகத்தர் பலர் வெள்ளைத் துரைமார் மனைகளுக்குச் சென்று மாலையும் பழமுங் கொடுத்து வணங்கி நின்றனர். அதனைக் கண்டு பொறாத வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள், அந்நாளில் வணங்கத்தக்க துரை தணிகைமலைத் துரையே என்று கூறி, அன்பரைத் திரட்டிச் சென்று, படிதோறும் நின்று திருப்புகழ் பாடி ஏறும் படித்திருவிழாவைத் தொடங்கி வைத்தார். அவ்விழா இன்றும் நடைபெறுகின்றது. படி என்பது மேலே செல்லும் வழி மட்டுமன்று, ஒவ்வொன்றுந் தனித்தனியே வழிபாட்டுக்குரியது என்னும் உண்மை அதன்கண் அமைந்து கிடக்கின்றது. அதே படிகளை இன்று எத்தனை நிமிடத்தில் ஏறி முடித்தோம் என்று கணக்கிட்டு மகிழ்வார் உளர். முந்நூற்றறுபத்தைந்து வழிபாட்டிடங்களை அவர் ஒன்றுவிடாமல் தாண்டிச் சென்றனர் என்பதே அக்கணக்கின் பொருள்.

மலையடியிலே நந்தியாற்றின் கரையில் வீரட்டானேசுரர் திருக்கோயில் ஒன்று உளது. ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பல்லவ மன்னன் அபராசிதவர்மன் காலத்தில், நம்பி அப்பி என்பார் எடுப்பித்த கற்றளி அஃது. அத்திருப்பணியைப் போற்றும் வெண்பா ஒன்றை அம்மன்னனே பாடினான் என்று அங்குள்ள கல்வெட்டுக் கூறும். அபராசிதன் பின்னர் ஆதித்த சோழனொடு பொருது மாண்டான். பல்லவப் பேரரசும் அவனோடு முடிந்தது. அவன் மதில்கள் எங்கே? படைவீடுகள் எங்கே? அவையெல்லாம் ஒழிந்தபின்னும் அவன் பாடிய வெண்பா மட்டும் சிவபெருமான் திருக்கோயிற் கல்லில் நிலைத்து நிற்கின்றது.

இஃது ஒரு மன்னனுக்கே நேர்ந்த செய்தியன்று. திருவாலங்காட்டுச் செப்பேடுகள் என்று புகழ்பெற்ற 31 ஏடுகள், முதலாம் இராசேந்திர சோழன் பழையனூரை ஆலங்காட்டு இறைவர்க்கு அளித்தமையைக் கூறுவன. சோழர் குலவரலாற்றை இன்று நாம் விரிவாக அறிதற்கு உதவுஞ் சான்றுகளுள் தலையாயவற்றுள் அவையும் ஒன்று. கடல் கடந்து படை செலுத்திய அவ்வேந்தன் தன் தலைநகராகிய கங்கைகொண்ட சோழபுரத்தில் மாளிகையும் எடுத்தான், கோயிலும் எடுத்தான். மாளிகை இருந்த இடம் இன்று மாளிகைமேடு என்னும் பெயரோடு, அகழ்ந்தெடுத்த செங்கல் அடித்தளமாகக் கிடக்கின்றது. கோயிலோ விண்ணளாவி நின்று, நாள்தோறும் பூசை கொள்கின்றது. ஒரு கையால் எடுக்கப்பட்ட இரண்டனுள் ஒன்று மேடாயிற்று, ஒன்று வாழ்கின்றது. வேறுபாடு கல்லின் வலிமையில் இல்லை. விளக்கும் நீரும் பூவும் இடையறாமையில் உள்ளது. இவ்விரண்டினையும் ஒருநிகராக வைத்துப் 'பழங்கட்டடங்கள்' என்பார், உயிருள்ள தந்தையையும் அவர் பழைய மேலாடையையும் ஒருசேரப் 'பழம்பொருள்' என்பாரோடு ஒப்பர்.

மலையை எவ்வாறு அணுகவேண்டும் என்பதனை நமக்குக் கற்பித்தவர் காரைக்காலம்மையார். இறைவன் எழுந்தருளிய கயிலைமலையைக் காலால் மிதித்தல் தகாதென்று அஞ்சித் தலையால் நடந்தேறினார் என்று சேக்கிழார் பெருமான் கூறுவர். 'அம்மையே' என்று இறைவன் அழைத்தருளிய பெருமை அவர்க்கே உரியது. அவர் பின்னர் வந்து திருநடனங் கண்டு பாடிய இடம் இம்மாவட்டத்துத் திருவாலங்காடே. அம்மையார் தலையால் நடந்து வந்த பதி என்பதனால், அதன்கண் அடிவைத்தற்கும் அஞ்சித் திருஞானசம்பந்தப் பெருமான் ஊர்க்கு அயலே தங்கினார். சிவஞானமுண்ட பிள்ளையாரே மிதித்தற்கு அஞ்சிய மண் நம் மாவட்டத்தில் இருக்க, நாம் மிதியடியும் கைப்பேசியுமாக மலைவாயிலில் நின்று படத்துக்கு முகங்காட்டுகின்றோம்.

பழவேற்காட்டிலே ஒல்லாந்தர் கல்லறைத்தோட்டத்தின் வாயிலில் எலும்புருவங்கள் செதுக்கப்பட்டுள்ளன. உடம்பு அழியும் என்பதனை அவை உணர்த்தும். அதற்குமேற் கூற அவற்றுக்குச் செய்தியில்லை. ஆலங்காட்டு அம்மையாரும் தசையை உதறி எலும்புருக் கொண்டவரே. ஆயின் அவ்வெலும்புரு தாளமேந்திப் பாடுகின்றது. சாவை நினைப்பிக்கும் எலும்பு கோட்டையூரிலும், சாவைக் கடந்த எலும்பு கோயிலூரிலும் இருக்கக் காண்கின்றோம். இரண்டையுங் கண்டு, 'இரண்டும் நன்றாகச் செதுக்கப்பட்டன' என்று மட்டுங் கூறித் திரும்புதல் கல்வியாகாது.

இனி நம்மேல் நிகழுந் தடைகளை ஆராய்வாம்.

இறைவன் எங்கும் நிறைந்தவன். இடிந்த கோட்டைச் சுவரிலும் அவன் உளன். ஆகலின் கோயிலுக்கு மட்டும் ஏற்றங் கூறுதல் யாங்ஙனம் பொருந்தும்? எனின், நன்று வினாயினீர். எங்கும் உளனாதல் வேறு, விளங்கித் தோன்றல் வேறு. பாலினுள்ளும் நெய் உண்டு, தயிரினுள்ளும் நெய் உண்டு. பாலில் மறைந்தும் தயிரில் விளங்கியும் நிற்கும் என்று நம் சித்தாந்த ஆசிரியர் உவமை காட்டினர். சிவஞானபோதத்து இறுதிச் சூத்திரம் அடியார் திருவேடத்தோடு திருக்கோயிலையும் வைத்து, அவற்றைச் சிவமெனவே கொண்டு வழிபடுமாறு விதித்தது. ஞானம் முதிர்ந்தார்க்கே அவ்விதி கூறப்பட்டிருக்க, நம்போல்வார்க்கு அது வேண்டா என்பது எங்ஙனம்? கோட்டைச் சுவரிலும் சிவனைக் காண்கின்றேன் என்று மெய்யாகவே கூறவல்லார் ஒருவர் உளராயின், அவர் கோயிலிலே படம் பிடித்துக்கொண்டிரார். கண்ணீர் பெருக நிற்பர்.

அன்றியும், ஆன்மா சார்ந்ததன் வண்ணமாகும் இயல்பினது என்பது நம் கொள்கை. பளிங்கு தன்னை அடுத்த நிறத்தைப் பற்றுமாறு போல, கல்லின் வயதையும் மலையின் அளவையுமே பற்றிச் சென்ற உயிர் அவற்றின் வண்ணமாய்த் திரும்பும். திருவடியைப் பற்றிச் சென்ற உயிர் திருவருளின் வண்ணமாய்த் திரும்பும். ஏறிய மலை ஒன்றே, ஏறிய கால்களும் ஒருதன்மையவே. பெற்ற பயன் வேறாதற்குக் காரணம் இதுவே.

மற்றொரு தடை கற்றோரால் நிகழ்த்தப்படுவது. பழைய கோயில்களை வரலாற்றுக் கண்கொண்டு காணல் அறிவன்றோ? கல்வெட்டுக்களைப் படியாது கும்பிடுவோராலன்றோ பல கல்வெட்டுக்கள் சுண்ணத்தால் மூடப்பட்டும், திருப்பணி என்னும் பெயராற் பெயர்த்தெறியப்பட்டும் அழிந்தன? என்பர். இதன்கண் உண்மை உண்டு. அதனை மறுத்தல் நேர்மையன்று. பழங்கல்லை உடைத்துப் பளிங்குக்கல் பதிப்பாரும், எழுத்துள்ள சுவர்மேல் வண்ணம் பூசுவாரும் அன்பர் என்னும் பெயர்க்கு உரியரல்லர். அபராசிதன் வெண்பாவையும் ஆலங்காட்டு ஏடுகளையும் படித்து வெளியிட்ட கல்வெட்டறிஞர்க்கு நாம் பெருங் கடப்பாடுடையோம்.

ஆயினும் அவ்வறிஞரை ஒன்று வினவுகின்றோம். நீவிர் படித்த கல்வெட்டுக்கள் கூறுவன யாவை? சோழர் காலத்துக் கல்வெட்டுக்களிற் பெரும்பாலன விளக்கறம் பற்றியன அல்லவோ? ஒரு நந்தாவிளக்குக்குச் சாவா மூவாப் பேராடு தொண்ணூற்றாறு என்றும், சந்திரரும் சூரியரும் உள்ளளவும் எரிவதாக என்றும் அவை கூறுகின்றன. ஆடுகள் சாகும், மூக்கும். ஆயினும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாது நின்று விளக்கு அணையாமை வேண்டும் என்பதே அச்சொல்லின் கருத்து. அக்கல்வெட்டை எழுத்துப் பிழையின்றிப் படியெடுத்து, அரசன் ஆட்சியாண்டைக் கணித்து, ஆட்டின் தொகையை ஆராய்ந்து கட்டுரையும் எழுதி முடித்து, அவ்விளக்கு இருண்டு கிடப்பதைக் கண்டும் ஒருதுளி நெய் வாராமல் திரும்பிய அறிவை என்னென்பது? கல்வெட்டு வேண்டிய ஒன்றனை மட்டும் செய்யாது விட்டு, வேண்டாத யாவும் செய்தல் படித்தமையாகுமா? வரலாற்றறிவு வழிபாட்டுக்குப் பகையன்று. வழிபாட்டில் முடியாத வரலாற்றறிவு பாதிவழியில் நின்றுவிட்ட யாத்திரையாம்.

மூன்றாவதாக, சிறுவரையும் முதியோரையும் உடன்கொண்டு செல்வார்க்கு இத்துணை நியமங் கூறலாமோ என்பர். முடியாதார்க்கு விலக்கு உண்டு. தணிகைக்கு வண்டி செல்லும் பாதை இருத்தல் முதியோர்க்கும் பிணியுடையார்க்கும் நன்றே. அவர் வண்டியிலிருந்தே ஐந்தெழுத்தோதிச் சென்றாலும் யாத்திரையே. சிறுவர்க்கு வேடிக்கை வேண்டுமெனின், மலை ஏறுகையில் கண்ணப்பர் வரலாற்றைக் கூறுக. காளத்திமலையை அணுக அணுகத் தம் மேலிருந்த பாரம் ஏதோ நீங்குவதுபோலத் திண்ணனார்க்குத் தோன்றியதைக் கூறுக. அதனினும் இனிய வேடிக்கை அவர்க்கு வேண்டுவதில்லை.

கோயில் வாழ்வது, கோட்டை பாழாவது என்றீர். கோயில்களும் பாழாகக் காண்கின்றோமே எனின், அதுவே எம் அச்சம். இக்கட்டுரை எழுந்ததும் அதனாலேதான். இதற்குச் செஞ்சி சான்றாகும். மலைகள் மூன்றை வளைத்து எடுத்த அக்கோட்டை, 1690 முதல் 1698 வரை முகலாயர் முற்றுகையில் நின்றது. மராட்டியர், முகலாயர், பிரெஞ்சியர், ஆங்கிலேயர் என்று கைமாறிப் பாழாயிற்று. அதன்கண் இருந்த வேங்கடரமணர் கோயிலும் உடன் சிதைந்தது. செஞ்சியிலிருந்து பிரெஞ்சியர் கொண்டுசென்ற வேலைப்பாடுடைய கற்றூண்கள் இன்று புதுச்சேரிக் கடற்கரையிற் காந்தியடிகள் சிலையைச் சூழ நிற்கின்றன. 2025-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாகச் செஞ்சியும் உலகப் பாரம்பரியச் சின்ன வரிசையிற் சேர்க்கப்பட்டது. கோட்டைக்கு அது பெருமையே. ஆயின் ஒரு கோயில், வழிபடுவோர் நீங்கிய பின்பு, எத்துணைப் பெரிய வரிசையிற் சேர்க்கப்படினும், கோட்டையின் பங்காளியாகவே நிற்கும். வழிபாடு நீங்கியவிடத்துக் கோயிலும் கோட்டையும் ஒன்றாதல் உண்டு. அவ்வொருமையை நாமே நடந்து சென்று உண்டாக்குதல் தகுமோ?

இதற்கு மறுதலையான சான்றும் நம் மாவட்டத்திலேயே உளது. பூண்டி நீர்த்தேக்கம் 1944-இல் அமைந்தபோது, அதன் நீர்ப்பரப்பிற் பட்ட இடத்தில் இருந்தது திருவெண்பாக்கம். கண்ணிழந்து வந்த சுந்தரமூர்த்தி சுவாமிகளுக்கு இறைவன் ஊன்றுகோல் அளித்தருளிய பதி அது. அணை கட்டினோர்க்கு நீர் வேண்டியிருந்தது. அன்பர்க்குக் கோயில் வேண்டியிருந்தது. கோயிலைப் பெயர்த்து வேறிடத்தில் எடுத்து வழிபாட்டை நிலைநிறுத்தினர். இடம் நீரில் மூழ்கியும் தலம் மூழ்கவில்லை. கோட்டை ஒன்றை இவ்வாறு பெயர்த்து வைத்து வாழ்விப்பார் யார்? வாழ்விப்பினும் அதனாற் பயன் யாது? அன்பர் உள்ளவிடத்துக் கோயிலுக்கு அழிவில்லை என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை. ஆயினும் நீர்த்தேக்கத்தைக் காணச் செல்வார் பலர். ஊன்றீசர் திருமுன் நிற்பார் சிலரே.

பழவேற்காட்டுக்கும் இதுவே நிலை. பொன்னேரியினின்று கோட்டையைக் காணச் செல்லும் வண்டிகள் திருப்பாலைவனத்தைக் கடந்தே செல்கின்றன. அங்கே பாலீசுவரர் திருக்கோயில் வழியருகே இருக்கின்றது. வாழுங் கோயிலை வழியில் விட்டுச் சென்று, வீழ்ந்த கோட்டையை வியந்து திரும்புவோர் எண்ணிப் பார்ப்பாராக. ஒருகாலப் பூசைக்கும் வகையில்லாத திருக்கோயில்களுக்கென அறநிலையத்துறையார் தனித்திட்டம் வகுத்து நடத்தவேண்டிய நிலை இந்நாட்டில் உளது. பூசைக்கு வகையின்மை பணமின்மையால் மட்டும் நேர்ந்ததன்று. வந்து நிற்பார் இன்மையாலும் நேர்ந்ததே.

ஆகலின் சைவ நன்மக்கள் செய்தற்குரியன சிலவே. மலைக்குச் செல்லுமுன் மலையடியிலுள்ள திருக்கோயிலில் வழிபடுக. தணிகைக்குச் செல்வோர் நந்தியாற்றங்கரை வீரட்டானத்தை மறவாதொழிக. செல்லுந் தலத்துத் திருப்பதிகம் ஒன்றையேனும், அஃதில்லாத தலமாயின் அத்தலத்தைப் பாடிய அடியார் பாட்டொன்றையேனும், முன்னரே பயின்று, திருமுன் நின்று ஓதுக. உடல்வலியுடையார் படிவழியே செல்க. திருக்கோயிலினுள் படம்பிடிக்குங் கருவியை மூடி வைக்க. கல்வெட்டுப் படிப்போர் ஒரு விளக்கேனும் ஏற்றிய பின்னரே படியெடுக்கத் தொடங்குக. ஆண்டுக்கொருமுறை தொலைவிலுள்ள மலையைத் தரிசிப்போர், திங்கட்கொருமுறையேனும் தம் ஊர்ச் சிறுகோயிலில் நெய்யும் பூவுங் கொண்டு நிற்க. இவை செய்தபின் கோட்டையையும் காண விரும்பின், தடையில்லை. கோயிலிற் கும்பிட்டு வந்த கண்ணுக்குக் கோட்டையின் இடிசுவரும் ஒரு பாடங் கற்பிக்கும். கும்பிடாத கண்ணுக்கோ கோயிலும் ஓர் இடிசுவரேயாம்.

திருச்சிற்றம்பலம்.